ஒரு மாட்டுவண்டிக்கு எட்டு கார்

போன ஞாயிற்றுக்கிழமை என் ஊரான ராமாபுரத்திலிருந்து மைசூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏரிப்பாலத்தைத் தாண்டியதும் ஒரு சுங்கச்சாவடி வருமே, அங்கே என் காருக்கு முன்னால் மட்டும் தடுப்புக்கம்பு எழவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக்கைப் படிக்க மாட்டேன் என்று கருவி அடம்பிடித்தது. கூண்டுக்குள் இருந்த ஊழியர் கையில் இன்னொரு கருவியோடு இறங்கி வந்து, ஆரத்தி எடுப்பதுபோல என் கண்ணாடிக்கு முன்னால் மூன்று சுற்று சுற்றினார். பலனில்லை. "ரிவர்ஸ் தகொள்ளி சார்" என்றார், பின்னால் எடுக்கச் சொல்லி. பின்னால் பார்த்தேன். பதினொரு கார் நின்றது. பதினொன்றும் ஒரே சுருதியில் ஹாரன் அடித்தன.

போக்குவரத்து நெரிசலைக் குறைப்பதற்காகக் கட்டிய பாலம் இது. அப்படித்தான் பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த நெரிசலாக இப்போது நான் ஒருவனே இருந்தேன்.

ஊழியர் யாரையோ கூப்பிடப் போனார். நான் கண்ணாடியை இறக்கினேன். ஏரியிலிருந்து ஆகாயத்தாமரை அழுகிய வாடை வந்தது. ஏரி என்று சொல்வது மரியாதைக்காக. பாலம் கட்டத் தூண் இறக்கியபோது கொட்டிய மண்ணை யாரும் திரும்ப அள்ளவில்லை. தண்ணீர் ஒரு மூலையில் ஒதுங்கிக்கொண்டது. மிச்ச இடத்தில் ஆடு மேய்கிறது. ஆடுகளுக்கு மேலே, வானத்தை ஒட்டி, நான்கு வழிப் பாலம். ஆடுகள் சுங்கம் கட்டாமல் கீழேயே கடந்துவிடுகின்றன, புத்திசாலிகள்.

அந்த வாடைக்குள் வேறொரு வாசம் இருக்கிறதா என்று மூக்கை நீட்டிப் பார்த்தேன். ஒடித்த வேப்பங்கொப்பின் வாசம். இருக்கவில்லை. எப்படி இருக்கும்?

வேப்பங்கொப்பின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலம் வருவதற்கு முன்னால் ஏரிக்கரைமேல்தான் ரோடு. ஒரு வண்டி போகிற அகலம். எதிரே இன்னொன்று வந்தால் யாராவது ஒருவர் ஏரிக்குள் இறங்க வேண்டும். அதனால் ஒரு ஏற்பாடு இருந்தது. இந்த முனையில் பத்துப் பதினைந்து வண்டி சேர்ந்ததும் வரிசையாகக் கரைமேல் போகும். கடைசி வண்டிக்காரர் கையில் ஒரு வேப்பங்கொப்பைக் கொடுத்துவிடுவார்கள். அவர் அந்த முனையில் அதை ஒப்படைத்தால், கரை காலி என்று அர்த்தம். அங்கே காத்திருக்கிறவர்கள் கிளம்புவார்கள். அவர்களில் கடைசி ஆள் கொப்போடு வருவார். சிக்னல் கிடையாது, போலீஸ் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. லாரி டிரைவர், பஸ் டிரைவர், ஜீப்பில் வரும் தாசில்தார், எல்லோருக்கும் ஒரே கொப்புதான்.

ஒருமுறை கொள்ளேகால் போகிற பஸ்ஸின் கண்டக்டர் கொப்பை வாங்கிக் கக்கத்தில் வைத்தவர், பேச்சு மும்முரத்தில் அந்த முனையில் கொடுக்க மறந்து, டிக்கெட் பையோடு சேர்த்துக் கொள்ளேகாலுக்கே கொண்டுபோய்விட்டார். புதுசாக ஒரு கொப்பு ஒடித்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கும் சிலர் கேட்டார்கள். இரண்டு கொப்பு ஒரே சமயத்தில் கரைமேல் இருந்தால் என்னாவது என்று பெரியவர்கள் பயந்தார்கள். கொப்பு பஸ்ஸில் திரும்பி வரும்வரை அரைநாள் ஒரு வண்டிகூட நகரவில்லை. அத்தனை பேரும் சரசக்கா கடையில் டீ குடித்தார்கள்.

சரசக்கா கடை மைசூர் முனையில், கரை ஏறுகிற இடத்தில் இருந்தது. நாலு மூங்கில், மேலே தகரம், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு பெஞ்ச். அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், குடியிருந்தது எதிர்க்கரை ஊரில். கணவர் மைசூரில் கட்டட வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பமும் கட்டிக்கொண்டார். அதைப் பற்றி அக்கா ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார். "கட்டறது அவருக்குத் தொழிலுங்." அதோடு முடிந்தது. மகள் ஒருத்தி ஹைஸ்கூலில் படித்தாள். வீடு அந்தக் கடையில் நடந்தது. கடை எதில் நடந்தது என்று கேட்டால், காத்திருப்பில். கொப்பு வருகிறவரை வண்டிகள் நிற்கும், நிற்கிறவர்கள் இறங்குவார்கள், இறங்கியவர்களுக்கு டீ வேண்டும், டீக்கு ஒரு போண்டா வேண்டும். உலகமே நெரிசலைத் திட்டியபோது அதைக் கும்பிட்டு அடுப்பு பற்றவைத்த ஒரே ஆள் சரசக்காதான்.

இந்தக் கடைக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்றால், வண்டி எண்ண.

டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு மைசூரில் வேலை தேடிய காலம். ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் ஒரு கன்சல்டன்சி ஆபீஸ் இருந்தது. போக்குவரத்துக் கணக்கெடுப்பு, ஏழு நாள், ஏரிக்கரை முனையில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டியை எண்ண வேண்டும் என்றார்கள். ஒரு மடக்கு நாற்காலி, ஒரு குடை, அட்டை, பென்சில் கொடுத்தார்கள். ஊரில் என் அப்பா கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டார், மகன் பாலம் ரோடு டிபார்ட்மெண்டில் எஞ்சினியர் என்று. எஞ்சினியர் குடைக்குக் கீழே உட்கார்ந்து, நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக்கொண்டிருந்தான்.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. ரோட்டில் போகிற எல்லாவற்றையும் காராக மாற்றிச் சொல்ல வேண்டும். லாரி என்றால் மூன்று கார். சைக்கிள் என்றால் அரை கார். மாட்டுவண்டி என்றால் எட்டு கார். சிரிக்காதீர்கள், உண்மையாகவே அப்படித்தான் அட்டவணையில் போட்டிருந்தது. மெதுவாகப் போகிறது, இடத்தை அடைக்கிறது, பின்னால் வருகிறவருக்கு ரத்தக்கொதிப்பை ஏற்றுகிறது, அதனால் எட்டு. இந்த விதிப்படி எங்கள் சித்தப்பா கல்யாணப் பந்தியில் பன்னிரண்டு கார்.

இரண்டாம் நாள் சரசக்கா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் அட்டையை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, காத்தாலருந்து என்னத்தைக் கிறுக்கறீங்க?"

படிப்பைக் காட்டுகிற வாய்ப்பை விடுகிற வயசா அது? விளக்கினேன். எட்டு காரையும் சொன்னேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நம்ம மாதப்பன் வண்டி எட்டு காரா! அவன்கிட்டச் சொல்லாதீங்க, நாளைக்கே வண்டிக்கு டிரைவர் வெச்சுக்குவான்" என்றார்.

மாதப்பன் எதிர்க்கரை ஊர்க்காரர், கரும்பு வண்டி ஓட்டுகிறவர். அவருடைய செவலை மாட்டுக்கு இடது கொம்பு பாதியில் உடைந்திருக்கும். தூரத்தில் வரும்போதே தெரியும்.

சிரித்து முடித்ததும் அக்கா முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, "இந்தக் கணக்கு எதுக்குங் தம்பி? பஸ்ஸுக்கா?" என்றார்.

அந்த ரோட்டில் ஒரு டவுன்பஸ் காலையும் மாலையும் போய் வந்துகொண்டிருந்தது. ஆள் குறைவு, நிறுத்திவிடப் போகிறார்கள் என்று ஊரில் பேச்சு. அக்காவின் மகள் ஹைஸ்கூலுக்குப் போனது அதில்தான். பஸ் நின்றால் படிப்பு நிற்கும். எனக்கு என்ன தெரியும்? ஆபீஸ் சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தது. ஏரிக்கு நடுவே பென்சிலால் நேராக ஒரு கோடு இருந்தது. அதைத் தினமும் பார்த்தேன். ஏதோ தாலுகா எல்லை என்று நினைத்துக்கொண்டேன். டிப்ளமோவில் எனக்கு டிராயிங்கில்தான் அதிக மார்க்.

"ரோட்டுக்குத்தாங்க்கா. வண்டி அதிகமா இருந்தா ஏதாச்சும் செய்வாங்க" என்றேன், பெரிய மனுஷன்போல.

வினையைச் செய்தது என் வாய்தான். மறுநாள் காலையில் இருந்து கரைமேல் மாட்டுவண்டியாக வந்தது. கரும்பு வெட்டு நேரம்தான், வண்டி வரத்தான் செய்யும். ஆனால் கரும்பு இல்லாமல் எதற்கு வருகிறது? வெறும் வண்டி. உள்ளே ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு துண்டும்தான் பாரம். இந்தப் பக்கம் வந்து, கடையில் டீ குடித்து, கொப்பை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய், திரும்ப வந்தது. உடைந்த கொம்புச் செவலையை மத்தியானத்துக்குள் ஏழு தரம் பார்த்துவிட்டேன். எட்டாவது தரம் வந்தபோது மாதப்பன் எனக்கு வணக்கம் வைத்தார். மாட்டுக் கழுத்தில் சாமந்திச் சரம்.

எழுந்து கடைக்குப் போனேன். "என்னங்க்கா இது?"

"வண்டி போகுது, நீங்க எழுதுங்க. இதுல பொய் என்ன இருக்குது? கரையில போகாத வண்டியவா எழுதச் சொன்னேன்?"

"ஒரே வண்டிங்க்கா."

"உங்க பேப்பர்ல மாட்டோட பேரு கேக்குதா?"

கேட்கவில்லை. அதுதான் சிக்கல். அக்கா முந்தின நாள் சாயங்காலமே ஊருக்குள் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். கணக்கு ஏறினால் இருக்கிற பஸ் நிற்காது, இன்னும் இரண்டு பஸ் வரும், கரையையும் அகலம் பண்ணித் தார் போடுவார்கள் என்று. ஊர் கூடி முடிவு செய்து, முறைவைத்து வண்டி கட்டியது. ஒரு வண்டிக்கு எட்டு கார் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது. டாக்ஸி வைத்திருக்கிறவன் வெறும் ஒரு கார்தானே.

ஆபீஸுக்குப் போன் செய்து எஞ்சினியர் சாரிடம் இப்படி இப்படி என்றேன். அவர் ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நோட்கொண்டு பரி, அஷ்டே" என்றார். பார்த்ததை எழுது, அவ்வளவுதான். நான் எழுதினேன். மிச்சமிருந்த நாளெல்லாம் எழுதினேன். உடைந்த கொம்பை மட்டும் தனியாக மனசுக்குள் எண்ணிக்கொண்டேன். கடைசி நாள் பதினேழு நடை.

அட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது சாருக்கு வாயெல்லாம் பல். மாட்டுவண்டிப் பத்தியைக் கூட்டினார், எட்டால் பெருக்கினார், மறுபடி பெருக்கிச் சரிபார்த்தார். எழுந்து போய்ச் சுவரிலிருந்த வரைபடத்தில், அந்தப் பென்சில் கோட்டின்மேல் ஸ்கேலை வைத்து, மையால் அழுத்தி ஒரு கோடு இழுத்தார். கோடு ஏரிக்குக் குறுக்கே போனது. கரையைத் தொடவே இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு டிராயிங் புரிந்தது.

சரசக்காவிடம் போய் அன்றே சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ தரம் அந்த வழியாகப் போனேன். எனக்கு அதற்குள் மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. ஊருக்குப் போகும்போதெல்லாம் கடையில் இறங்குவேன். "நம்ம கணக்கு என்னாச்சுங் தம்பி?" என்று கேட்பார். "மேல போயிருக்குதுங்க்கா" என்பேன். "ஸ்வல்ப தாமசமாகும்" என்று, கொஞ்சம் என்பதற்குக் கன்னடத்தையும் சேர்த்துக்கொள்வேன். பொய் சொல்லும்போது எனக்கு இரண்டு பாஷையும் நன்றாக வரும்.

ஏரிக்குள் தூண் முளைத்தபோது ஊர் வேடிக்கை பார்த்தது. பாலம் கரைக்குத் துணையாக வருகிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். பெரிய வண்டிகள் மேலே, நம் வண்டிகள் கீழே, எல்லோரும் கடையில் நிற்பார்கள் என்று அக்கா இரண்டு பெஞ்சை நான்காக்கினார்.

திறப்புவிழாவுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். குற்றம் செய்தவனுக்கு அந்த இடத்துக்கே திரும்பப் போகத் தோன்றும் என்பார்களே, அந்த ரகம். வாழைமரம், தோரணம், பேண்டு. அமைச்சர் காரில் வந்து இறங்கி, மாட்டுவண்டியில் பாலத்தைக் கடப்பதாக நிகழ்ச்சி நிரல். மண்ணின் மைந்தர் அல்லவா. வண்டி யாருடையது என்று நினைக்கிறீர்கள்? மாதப்பனுடையது. உடைந்த கொம்புக்குப் பித்தளைக் குப்பி மாட்டி, முனையில் பலூன் கட்டியிருந்தார்கள். அமைச்சர் ஏறி, சாட்டையைப் பிடித்துக்கொண்டு, இருபது தப்படி போனார். படம் எடுத்து முடிந்ததும் இறங்கி, காரில் ஏறி மிச்சப் பாலத்தைக் கடந்தார். அதற்கு முன் பேசும்போது, இனி மக்களுக்கு ஒவ்வொரு நடையிலும் இருபது நிமிஷம் மிச்சம் என்றார். அந்த இருபது நிமிஷத்தை நாங்கள் எல்லோரும் இன்றைக்கும் மைசூர் ரிங்ரோடு சிக்னலில் ஒழுங்காகச் செலுத்திவருகிறோம்.

சரசக்கா அன்று விடிகாலையில் இருந்து போண்டா போட்டார். பத்து மணிக்கெல்லாம் மாவு தீர்ந்து, மறுபடி கரைத்தார். அவர் வாழ்க்கையிலேயே பெரிய வியாபாரம் அது. வேர்த்து வழிந்த முகத்தோடு என்னைப் பார்த்ததும் கத்தினார்.

"பாத்தீங்களா தம்பி, நம்ம கணக்கு வீண் போகல. இனிமே இந்தக் கூட்டம் தெனமும் வருமுங்களா?"

"வருமுங்க்கா" என்றேன்.

மறுநாள் பாலத்து முனையில் பலகை வைத்தார்கள். மாட்டுவண்டி, டிராக்டர், சைக்கிள், பாதசாரிகளுக்கு அனுமதி இல்லை. மாட்டுவண்டிக்கு ஒரு படமே போட்டு மேலே சிவப்புக் கோடு அடித்திருந்தார்கள். எந்த மாட்டைக் காட்டிப் பாலம் வாங்கினார்களோ அந்த மாட்டுக்குப் பாலத்தில் இடமில்லை. மாதப்பனிடம் அமைச்சரோடு எடுத்த படம் இருந்தது. அதைக் காவலாளியிடம் காட்டிப் பார்த்திருக்கிறார். படம் நன்றாக வந்திருப்பதாகக் காவலாளி சொன்னாராம்.

சரி, கரை இருக்கிறதே என்றால், அடுத்த மாதம் அதற்கும் குறுக்கே பள்ளம் வெட்டினார்கள். பாதுகாப்புக்காகவாம். சுங்கம் கட்டாமல் யாரும் கரை வழியாகப் போய்விடக் கூடாது என்பதுதான் பாதுகாப்பு. டவுன்பஸ் பாலத்தில் ஏறி, ஊரைத் தொடாமல் போனது. பிறகு போகவும் இல்லை. எதிர்க்கரை ஊர்க்காரர்கள் ஏரியைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அக்காவின் மகள் பத்தாம் வகுப்பை முடிக்கவில்லை.

கடை ஒரு மாதம் தாங்கியது. ஆனால் சரசக்கா லேசில் விடுகிற ஆள் இல்லை. சுங்கச்சாவடியில் அந்தக் காலத்தில் காசை எண்ணிக் கொடுத்து, சில்லறைக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஆளுக்கு ஆள் மிட்டாய் வேண்டாம் சில்லறைதான் வேண்டும் என்று சண்டை போடுவார்கள். பாலத்தின் பாதிவரைக்கும் வரிசை நிற்கும். நெரிசல் இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். அக்கா ஒரு பிளாஸ்க்கும் ஒரு கூடை வேர்க்கடலையுமாக அந்த வரிசைக்குள் இறங்கிவிட்டார். என் கார் கண்ணாடியை ஒரு நாள் அவர் தட்டினார். உள்ளே இருப்பது நான் என்று தெரிந்ததும் சிரித்தார். "கார் வாங்கிட்டீங்களா? இருக்கட்டும், என்ன இருந்தாலும் மாதப்பன் வண்டில எட்டுல ஒண்ணுதானே."

அப்படியே சில வருஷம் ஓடியது. நல்ல வியாபாரம். மகளுக்குக் கல்யாணம்கூட அந்த வரிசையில் விற்ற டீயில்தான் நடந்தது.

பிறகு இந்த ஃபாஸ்டேக் வந்தது. பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது அக்கா என் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார்.

"எல்லா வண்டிலயும் என்னமோ ஒட்டறாங்களே, அது என்னங் தம்பி?"

"இனிமே காசு கையில குடுக்க வேண்டாமுங்க்கா. அதுவே எடுத்துக்கும். நிக்காமப் போலாம்."

"நிக்கவே வேண்டாமுங்களா?"

"வேண்டாமுங்க்கா."

பிளாஸ்க்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "நீங்களும் ஒட்டிட்டீங்களா?"

ஒட்டியிருந்தேன். ஆபீஸிலேயே முதல் ஆளாக வாங்கி ஒட்டி, பக்கத்து சீட்காரர்களுக்கெல்லாம் அதன் அருமையை எடுத்துச் சொன்னவன் நான். எந்த மாற்றம் வந்தாலும் அதற்கு முன்வரிசையில் நின்று கைதட்டுகிற ஒரு வியாதி எனக்கு இருக்கிறது.

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, பல வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்பதுபோலக் கேட்டார். "அன்னிக்கு மாதப்பன் வண்டிய எத்தன நடை எழுதினீங்க?"

"கடைசி நாள் பதினேழுங்க்கா."

"பத்தாமப் போச்சு பாருங்க. இன்னும் ரெண்டு நடை ஓட்டச் சொல்லிருக்கோணும். சொல்லிருந்தா நமக்கு பஸ் வந்திருக்குமுங்."

சொல்லக் கிடைத்த கடைசி வாய்ப்பு அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. அக்கா, நீங்கள் ஓட்டச் சொன்ன ஒவ்வொரு நடையும் அந்தப் பாலத்துக்குத்தான் போனது என்று நான் சொல்லவில்லை. முன்னால் இருந்த கார் நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நானும் நகர்ந்துவிட்டேன். அடுத்த முறை போனபோது வரிசையும் இல்லை, அவரும் இல்லை. மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது கரை முழுக்கச் சீமைக்கருவேலம். அக்கா கடைக்குப் பக்கத்தில் கொப்பு ஒடிக்கிற வேப்பமரம் இருந்த இடத்தில்தான் சாவடிக் கூண்டு நிற்கிறது. மாதப்பன் மாடுகளை விற்றுவிட்டார் என்று கேள்வி. பலகையில் இருக்கிற மாட்டுவண்டிப் படம்தான் அந்தப் பக்கத்தில் மிச்சமிருக்கும் ஒரே மாட்டுவண்டி.

ஞாயிற்றுக்கிழமை சாவடிக் கருவிக்குப் புத்தி வருவதற்குப் பத்து நிமிஷம் ஆனது. வெயிலில் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்தவர்கள் ஒருவரும் இறங்கவில்லை, ஒருவரும் பேசிக்கொள்ளவில்லை. பக்கவாட்டுக் கண்ணாடியில் அந்த வரிசையைக் கடைசிவரைக்கும் பார்த்தேன். பிளாஸ்க்கோடு யாரும் வரவில்லை. வந்திருந்தால் இந்த முறை சொல்லியிருப்பேன். தடுப்புக்கம்பு எழுந்தது, ஊழியர் கையைக் காட்டினார், நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.